ஒரு மோசமான நாள் வேண்டும்

ஜூன் 18

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கத்தியது எனக்கு மட்டும் கேட்கவில்லை, கதவோரமாக உட்கார்ந்திருந்த அவளுக்கும் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் குழந்தைக்குக் கேட்காது.

உன் வீட்டிலிருந்து அவளை அழைத்து வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்கிறாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்காருவார்களே, அப்படி. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள். தட்டைப் பார்க்கிறாள். "பசிக்கல" என்கிறாள். அழுகை இல்லை, அடம் இல்லை. அடம் பிடித்தாலாவது எனக்கு ஏதாவது செய்யத் தோன்றும்.

நேற்று பள்ளியில் சேர்க்கப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "யார் கூட வந்திருக்க?" என்று கேட்டார்.

"சித்தி கூட," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். தாயின் பெயர் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். "ஏம்மா, அவங்க அம்மா வரலையா?" என்றார். என் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். நான் பெற்ற பெண்ணுக்கு நான்தான் அம்மா என்று காட்ட ஒரு அட்டை தேவைப்பட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உன்னை அம்மா என்கிறாள். என்னைச் சித்தி என்கிறாள். அது தானாக வந்த பழக்கம் என்று என்னை நம்பச் சொல்லாதே. யாரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு குழந்தைக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் போன் பண்ணாதே. உன் குரல் கேட்ட அன்று அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மாமாவிடமும் சொல்லிவிடு.

தங்கை


ஜூன் 25

தங்கைக்கு,

உத்தரவு வந்து சேர்ந்தது. போன் பண்ணவில்லை. கை துறுதுறு என்கிறது என்று போனை உன் மாமாவிடமே கொடுத்துவிட்டேன். அவர் வேலைக்குப் போகும்போது கருவிப் பெட்டியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

"பெரியம்மா" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார். ரெண்டு வயதுக் குழந்தையின் நாக்குக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும். முன்பாதி அவள் வாயில் நுழையவில்லை. பின்பாதி நுழைந்தது. அவ்வளவுதான் நடந்தது. நீ சித்தி ஆனது எப்படி என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் தாங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கின்றன. அதற்கு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே.

நீ வந்து இறங்கிய நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. கையில் ரெண்டு புது கவுன். அஞ்சு வயதுக் குழந்தைக்குப் போடுகிற அளவு. நீ கடைசியாக வந்துபோனபோது அவளுக்கு அஞ்சு வயது, உன் மனதில் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஆறு வருடத்தில் நாலு முறை வந்திருக்கிறாய். உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஏன்க்கா இவ்ளோ ஒல்லியா இருக்கா?" அதுதான். சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்க்கிறவன்கூட முதலில் வணக்கம் சொல்வான்.

நன்றி சொல்லவில்லை என்று குறைப்படுகிறேன் என்று நினைக்காதே. வழி சொன்னவனுக்குச் சொல்வது அது. கூடப் பிறந்தவளுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் அதைவிடச் சின்னதாக ஒரு வார்த்தை இருக்கிறது இல்லையா. "அலைஞ்சிருப்பே" என்று. "உனக்கு உடம்பு எப்படி இருக்கு" என்று. ஒன்றுமே இல்லாமல், அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாய். அவள் திரும்பிப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை.

உன் மாமா வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவர் வைத்த பேர்தானே குண்டூசி. தலை மட்டும் பெரிதாக, உடம்பு கம்பியாக இருக்கிறாள் என்று வைத்தார். நேற்று சட்டை கிழிந்திருந்தது, குத்திக்கொள்ள ஒரு குண்டூசி கொடு என்று கேட்க வாய் திறந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டு சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

எப்படிச் சாப்பிட வைப்பது என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வருடம் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நீயும் தடுமாறு.

அக்கா

இதை மட்டும் சொல்லியாக வேண்டும். மழையில் நனைந்தால் அவளுக்கு மூச்சு இழுப்பு வரும். மருந்துப் பெட்டியில் நீல மூடி போட்டது அதற்குத்தான். படுக்க வைக்காதே, உட்கார வைத்து முதுகைத் தாங்கிப் பிடி.


ஜூலை 20

அக்காவுக்கு,

அவள் எப்படியும் ஒருநாள் உன்னிடம் சொல்வாள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவள் தலைமுடியை வெட்டிவிட்டேன்.

வகுப்பு ஆசிரியை குறிப்பு எழுதி அனுப்பியிருந்தாள். தலை முழுக்கப் பேன். பக்கத்துப் பெண்ணுக்கும் தொற்றிவிட்டதாம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பேன்சீப்பை வைத்துக்கொண்டு போராடினேன். இடுப்பு வரை முடி. சீப்பு இறங்காது. இழுத்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள், ஒரு சத்தம் போட மாட்டாள். "வலிக்குதுன்னு சொல்லேன்டி" என்று நான்தான் கத்தினேன். மூன்றாவது ஞாயிறு, இப்போது வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் சலவைப் பிரிவிலிருந்து நூல் வெட்ட எடுத்து வந்திருந்த கத்திரிக்கோல் கைக்கு வந்தது. காதோடு வெட்டிவிட்டேன். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது.

அவள் அழவில்லை. கீழே விழுந்ததை எல்லாம் பொறுக்கி ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நீ திட்டப்போவது தெரியும். திட்டு. ஆனால் நான் இந்த ஆறு வருடம் எங்கே இருந்தேன் என்று ஒருதரம் யோசித்துவிட்டுத் திட்டு. அவளுடைய அப்பா போட்டது போட்டபடி கிளம்பிப் போனபோது அவளுக்குப் பத்து மாதம். ரெண்டு வயதானபோது கப்பலில் வேலை கிடைத்ததால் போனேன், உலகம் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கப்பலின் அடிவயிற்றில், சன்னல் இல்லாத அறையில், பயணிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டேன். எந்தக் கடலில் இருக்கிறோம் என்றே பல நாள் தெரியாது. என் மணிக்கட்டில் எத்தனை தழும்பு இருக்கிறது என்று நீயும் கேட்கவில்லை. நீ அனுப்பிய படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். எல்லாப் படத்திலும் அவள் சிரித்தாள். அதனால் சிரிக்கிற குழந்தை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

நன்றி என்ற சொல்லைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆறு வருடம் தொண்டை வரை வந்து திரும்பிப் போய், இப்போது கசந்து போய்க் கிடக்கிறது. சொன்னால் என்ன அர்த்தம் ஆகும் தெரியுமா? நீ கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன் என்று ஆகும். அவள் உன்னுடையவள், நீ பெரிய மனது பண்ணித் தந்தாய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும். அதனால்தான் வாசலில் நின்றபோது வாயை மூடிக்கொண்டேன். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

தங்கை


ஜூலை 24

முடியை வெட்டிவிட்டேன் என்று நகத்தை வெட்டியது மாதிரி எழுதியிருக்கிறாய்.

மூன்று வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உன்னிடம் "லேசா காய்ச்சல்" என்று சொன்னேன். லேசு இல்லை. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அதற்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, உச்சந்தலை தெரிந்தது. திரும்ப முளைக்குமா என்று மருத்துவரே உதட்டைப் பிதுக்கினார். முளைத்தது. அதன்பிறகு ஒருமுறைகூட அதில் கத்திரி படவில்லை. தினமும் காலையில், நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அவளை என் ரெண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பின்னுவேன். தினமும் சண்டை. "இந்தப் பக்கம் இறுக்கமா இருக்கு, அந்தப் பக்கம் லூசா இருக்கு" என்பாள். அவிழ்த்து மறுபடி பின்னுவேன். கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் பேச்சு வாங்குவேன். என்ன பிழைப்பு இது என்று தினமும் சலித்துக்கொண்டேன். அந்த முடியில் என் அஞ்சு வருடக் காலை நேரம் இருந்தது. நீ வெட்டியது அதை.

பேன் எல்லாக் குழந்தைக்கும் வரும். அதற்குப் பொறுமை வேண்டும், கத்திரிக்கோல் வேண்டாம்.

வளர்க்கத் தெரியவில்லை என்றால் சொல்லிவிடு. வெட்கப்பட ஒன்றும் இல்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை உன் மாமா வருகிறார். அவளுடைய துணியை எடுத்து வை.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

மாமா வந்தது, போனது இரண்டையும் அவர் உன்னிடம் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று படுகிறது. அதனால் நான் சொல்கிறேன்.

நான் அவளுடைய துணியை எடுத்து வைக்கவில்லை. வாசலில் குறுக்கே நிற்பதென்று முடிவு செய்திருந்தேன். அவர் ஆறு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி ஒரு மாதம் ஆகிறது. "லிஃப்ட் மெக்கானிக்கையே படியேற வெச்சிட்டீங்களே" என்றார். அவள் உள்ளேயிருந்து ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குண்டூசிக்கு இப்பதான் தலை சரியா தெரியுது" என்றார். அவள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து முதல் சிரிப்பு. அது எனக்காக வரவில்லை.

அப்புறம் அவர் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து, "நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரை. நின்ற இடத்திலேயே, அக்கா, அவள் பாவாடை நனைந்துவிட்டது. தரையில் ஓடியது. எட்டு வயதுப் பெண். அவள் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "தெரியாம வந்துருச்சு, திட்டாதீங்க" என்று எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்.

மாமா தன் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். நான் அவளைக் குளிக்க வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் அறையில் இல்லை. கீழே லிஃப்ட் அறையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. ரெண்டு மணி நேரம் கழித்து லிஃப்டிலேயே மேலே வந்தார். கை முழுக்கக் கறுப்பு. "இனிமே அவ பையைத் தூக்கிட்டு ஏற வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தக் கேள்வியை இனி நீயும் அவளிடம் கேட்கக் கூடாது. நானும் கேட்க மாட்டேன். மற்றதற்கெல்லாம் நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

தங்கை


அக்டோபர் 3

தங்கைக்கு,

ரெண்டு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

அவர் திரும்பி வந்து, "லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு வந்தேன்" என்றுதான் சொன்னார். குழந்தையை ஏன் அழைத்து வரவில்லை என்று நான் கத்தினேன். பாவாடை நனைந்தது உன் கடிதத்தில் படித்துத்தான் தெரியும். படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே, "நாம பண்ணது தப்பு" என்றார். நாம என்றார். அனுப்பியது நான். அவர் போக மாட்டேன் என்று மூன்று நாள் சொன்னார்.

இப்போது எழுதப்போவதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் எழுத மாட்டேன்.

சித்தி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். தெரியாது என்று எழுதியது பொய். அவளுக்கு மூன்றரை வயது இருக்கும். நீ கப்பலிலிருந்து போன் பண்ணியிருந்தாய். வழக்கம்போல பாதியில் அறுந்துபோனது. "யாரும்மா அது?" என்று என்னைக் கேட்டாள். உன் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்து, "அப்போ நீ யாரு?" என்று கேட்பாள். "சித்தி" என்றேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். மறுநாள் திருத்தவில்லை. அதற்கு மறுநாளும் திருத்தவில்லை.

உன் மாமாவையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு முறையும், "அப்பா இல்லடா, பெரியப்பா" என்று திருத்தினார். நூறு முறை திருத்தியிருப்பார். திருத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அவரால் முடிந்தது. என்னால் முடியவில்லை. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது சும்மா வாய்க்கு வந்ததாக இருக்கும், ஏனென்றால் திரும்ப அந்த நாள் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு விஷயம். தட்டை வைத்துவிட்டு நீ வேறு வேலை பார். அவளைப் பார்க்காதே. யாராவது பார்த்தால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. ஆனால் பேசிக்கொண்டிரு. அவளைப் பற்றிப் பேசாதே, அன்றைக்கு வேலையில் நீ செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல். பெரியவர்கள் தப்பு செய்து மாட்டிக்கொண்ட கதை என்றால் அவளுக்கு உயிர். ஒருத்தருடைய கண்ணாடியை இன்னொருத்தருக்கு மாட்டிவிட்டு, அவர் கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்ட கதையை நான் முப்பது முறை சொல்லியிருக்கிறேன். முப்பது முறையும் தட்டு காலி.

அக்கா


நவம்பர் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். சாப்பாட்டு விஷயம் அதன் பின்பக்கத்தில் இருந்தது. அதனால் கிழிக்கவில்லை.

மூன்றரை வயதிலிருந்து எட்டு வயது வரை. நான் போன் பண்ணும்போதெல்லாம் "சித்தி நல்லா இருக்கீங்களா" என்று கேட்டாளே, குழந்தை ஏதோ மழலையில் மாற்றிச் சொல்கிறது என்று என் கூட வேலை செய்தவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உன்னை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ கேட்கவும் இல்லை என்பது ஒரு வகையில் வசதி.

தப்புக் கதை வேலை செய்கிறது. விடுதிக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் கோட்டு முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முழு அச்சையும் பதித்துவிட்டு, அதைத் திருப்பித் தொங்கவிட்டு ஒளித்த கதையைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன், திரும்பிப் பார்க்கவில்லை. "அப்புறம்?" என்று ஒரு குரல். "அப்புறம் அவர் போட்டுக்கிட்டுப் போட்டோவுக்கு நின்னார்." தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

இனி எழுதப்போவது உனக்கு வலிக்கும். எழுதாமல் இருக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? வேறு யாருக்கு இது புரியும்?

போன செவ்வாய்க்கிழமை காலை. வெளியே மழை. மழைக்கோட்டுப் போட மாட்டேன் என்றாள். பச்சை நிறமாம், வகுப்பில் தவளை என்கிறார்களாம். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நனைந்தால் இழுப்பு வருமே என்ற பயம் வேறு. போடு, மாட்டேன். போடு, மாட்டேன். கோட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அடித்துவிட்டேன். கன்னத்தில். என் விரல் பதிந்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு, அஞ்சு மாதமாக எங்கே வைத்திருந்தாளோ, அவ்வளவு சத்தமாக, "நீ ரொம்ப மோசமான அம்மா" என்று கத்தினாள்.

அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு லிஃப்டில் போய் நின்றாள். நான் விடுதிக்குப் போய், சலவைப் பிரிவின் கழிவறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் கதவைத் தட்டும் வரை நின்றேன். குழந்தையை அடித்த கையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குழந்தை கொடுத்த பெயரை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு சந்தோஷம் யாருக்கும் வர வேண்டாம். ஆனால் இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். மோசமான என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மோசமானவள் என்று திட்ட, முதலில் அம்மாவாக இருக்க வேண்டும் இல்லையா.

மறுநாளிலிருந்து அவள் என்னை ஒன்றும் கூப்பிடுவதில்லை. சித்தியும் இல்லை, அதுவும் இல்லை. "இங்க பாருங்க" என்கிறாள். பரவாயில்லை.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். நேற்று மேல் பல் ஒன்று ஆடுகிறது என்று காட்டினாள். காட்டிக்கொண்டே, "எனக்கு முதல் பல் எப்போ விழுந்துச்சு?" என்று கேட்டாள். ஏதாவது ஒரு வயதைச் சொல்லிப் புளுகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "தெரியலையே" என்றேன். "அப்போ யாருக்குத் தெரியும்?" என்றாள். கேட்டுவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாருக்குத் தெரியும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எனக்காக உன் பேரைச் சொல்லாமல் விட்டாள். எட்டு வயதில் அவள் எனக்காக விட்டுக்கொடுக்கிறாள், அக்கா.

அந்த ஆறு வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூட இல்லை. நீ அனுப்பிய படங்கள் இருக்கின்றன. அவை வேண்டாம். படத்தில் எல்லாம் சிரிப்புத்தான் இருக்கிறது. ஒரு மோசமான நாளை எழுதி அனுப்பு. அவள் உன்னைப் படுத்திய, நீ அவளைத் திட்டிய, ஒன்றுமே சரியாக நடக்காத ஒரு நாள். அந்த மாதிரி நாள்தான் என்னிடம் இருக்கிறது, தினமும் ஒன்று. உனக்கும் அப்படி இருந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தங்கை


நவம்பர் 30

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். எதிரே ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "சரியாம்மா?" என்றார். சரி என்றேன். அவர் என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. அவரைத் திரும்ப உட்கார வைத்து முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.

வலித்தது. வலிக்கும் என்று தெரிந்தே எழுதினாய், அதையும் நீயே சொல்லிவிட்டாய், அதனால் உன்மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

நீ கேட்ட நாள் இது. அவளுக்கு நாலு வயது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே, சின்ன ரப்பர் துண்டு, அதில் ஒன்றை எடுத்து மூக்குக்குள் விட்டுக்கொண்டாள். ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்றால், "மூக்குக்குன்னு சொன்னீங்க" என்றாள். எடுக்கப் பார்த்தேன். இன்னும் உள்ளே போய்விட்டது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே ரெண்டு மணி நேரம் வரிசை. அதற்குள் தும்மினால் வந்துவிடும் என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி பொடி கொடுத்தாள். தும்மியது நான்தான். மருத்துவர் இடுக்கியைக் கிட்டே கொண்டுபோனதும் அவர் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "பிள்ளையை வளர்க்கிற லட்சணமா இது?" என்றார். எல்லார் முன்னாலும். எனக்கு அவமானம். வெளியே வந்ததும் அவளை அடித்தேன். நீ அடித்ததைவிடப் பலமாகத்தான் இருக்கும். நடைபாதையில் நின்று அவள் கத்தினாள். ஒரு செருப்பைக் காணோம். எங்கே விட்டாள் என்று தேடப் பொறுமை இல்லை, தூக்கிக்கொண்டே நடந்தேன். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்லது. ரெண்டாவது நிறுத்தத்தில் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். துடைக்க ஒன்றும் இல்லை. என் துணியாலேயே துடைத்தேன். உன்னை நினைத்தேன். நீ எங்கேயோ கடலில் நிம்மதியாக இருக்கிறாய், நான் யார் பெற்ற பிள்ளையின் வாந்தியிலோ உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். யார் பெற்ற பிள்ளை என்றுதான் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு. எச்சில் என் முழங்கை வரை வழிந்தது. கை மரத்துப் போயிற்று. அசைத்தால் எழுந்துவிடுவாள் என்று அசைக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. இன்னும் ரெண்டு நிறுத்தம் போய் இறங்கி, நாற்றத்தோடு திரும்பி நடந்து வந்தேன்.

ஏன் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அலுப்பு என்று நினைத்தேன். இப்போது வீடு சுத்தமாக இருக்கிறது. யாரும் எதையும் மூக்கில் விட்டுக்கொள்வதில்லை. கடைக்கு நேரத்துக்குப் போகிறேன், முதலாளி ஆச்சரியப்படுகிறார். இப்போது தெரிகிறது.

அந்த நாள் உனக்கு வந்திருக்க வேண்டியது. எனக்கு வந்தது. வழி சொன்னவனுக்குச் சொல்கிற வார்த்தை என்று எழுதினேனே, அதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன் பார், அது அதுதான். எழுதினேன். பார்க்கப் பிடிக்கவில்லை, அடித்துவிட்டேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொள்வாய் என்று தெரியும்.

முதல் பல் விழுந்தது மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. அஞ்சே முக்கால் வயது. கீழ் வரிசையில் நடுப்பல், இடது பக்கத்தது. பள்ளிவிட்டு வரும் வழியில் பென்சிலைக் கடித்து விழுந்துவிட்டது. அழவில்லை. கைக்குள் பொத்திக்கொண்டு வந்து நீட்டி, "நான் உடைஞ்சிட்டேன்" என்றாள்.

அவளிடம் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பேரை எடுக்காதே. இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடு. நான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன், நீயும் ஒன்று சொல்லிக்கொள்.

அக்கா